விளையாட்டுச் செய்திக்கு முன்னால்

அத்தியாயம் 14

செவ்வாய்க்கிழமை பகல் நடந்தது ஸைனுலாப்தீனுக்குத் தெரியும். போன வாரம் படித்தவர்களுக்கும் தெரியும். றம்லாவுக்குத்தான் தெரியாது. சனிக்கிழமை விடிந்தபோது அந்த வீட்டு நிலைமை அதுதான்.

நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த வெயில் ஒன்றும் நடவாததுபோல வந்து மதிலில் ஏறிக் குந்தியிருந்தது. ஸைனுலாப்தீன் றேடியோவின் நாலு பற்றரிகளையும் கழற்றிக் கொண்டுவந்து மதிலில் வரிசையாக வைத்தார். வெயில் குடித்த பற்றரி இரண்டு நாள் கூடுதலாகப் பேசும். கடைகளில் பற்றரி இல்லை, மா இல்லை, பாணுக்குக்கூட விடியப்புறமே கியூ என்றிருந்த அந்தக் காலத்தில் திருகோணமலையில் பாதி மதில்கள் பற்றரி காய்ந்த மதில்கள்தான்.

மனிதர் கடற்படை டொக்யாட்டில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைக்காரன் டொக்யாட்டை விட்டுப் போகும்வரை அதன் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஓடியவர். பந்து காலை விட்டுப் போய்ப் பதினேழு வருடமாகியும் காதை விட்டுப் போகவில்லை. பகல் ஒரு மணிச் செய்தியில் முதலில் ஊர் உலகச் செய்தி, அதன் பிறகு வானிலை, கடைசி இரண்டு நிமிடம் விளையாட்டு. பற்றரியை மிச்சம் பிடிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியாக ஒன்று பதின்மூன்றுக்கு றேடியோவைத் திருகுவார். விளையாட்டுச் செய்தி முடிந்ததும் நிறுத்திவிடுவார். மனைவி உம்மு குல்சும் உயிரோடு இருந்தவரை இந்தக் கெட்டித்தனத்துக்குத் தினமும் வாங்கிக் கட்டினார். அவள் போனபின் அந்தப் பொறுப்பு மகள் றம்லாவுக்கு வந்தது.

"வாப்பா, மாரி தொடங்கிட்டு. இவர் கடலுக்குப் போற மனிசன். முழுசாக் கேளுங்க" என்று கணவனைக் காட்டி அவள் சண்டை பிடித்து, இனி முழுசாகத்தான் கேட்பேன் என்று அவரிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள். நாய் வாலை நிமிர்த்தலாம். ஸைனுலாப்தீனை நிமிர்த்த முடியுமா? சத்தியம் செய்த ஒரு வாரம் முழுசாகக் கேட்டார். அடுத்த வாரம் பற்றரியின் குரல் கம்மியது. பழைய வழிக்கே போனார்.

செவ்வாய்க்கிழமை பகல் மருமகன் அலியார் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே கேட்டான். "மாமா, நியூஸில காத்துக் கீத்து ஏதும் சொன்னவங்களா?"

கொழும்பில் நடக்கும் சுற்றுப்போட்டியில் திருகோணமலை அணி அரையிறுதிக்கு வந்துவிட்டதென்று அப்போதுதான் கேட்ட பூரிப்பு அவருக்கு. அதோடு, கேட்கவில்லை என்று சொன்னால் குசினிக்குள் சட்டி கழுவிக்கொண்டு நிற்கும் மகளின் காதில் விழும்.

"ஒண்டுமில்ல, மருமகன்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அலியார் அன்றைக்கே கடலுக்குப் போனான். புதன்கிழமை காலையில் தேத்தண்ணிக் கடையில் நாலுபேர் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது, செவ்வாய் பகல் செய்தியிலேயே வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று சொல்லிவிட்டார்களென்று. அன்று பின்னேரமே சூறாவளி வந்து தென்னைகளை முறித்து, கூரைத் தகரங்களைப் பிய்த்து, லைற் போஸ்ட்டுகளைச் சாய்த்து, உள்துறைமுக வீதிவரை கடலைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. அலியாரின் போட்டில் மூன்று பேர். அலியார், சாம்பல்தீவுச் சின்னராசா, முஹம்மது தம்பி. மூன்று பேரும் இன்னும் வரவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது ஒன்று, கெட்டது வேறொன்று.

காலை எட்டு மணிக்கு அடுத்த வீட்டுச் சோமசேகரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மீன் சந்தைக்குப் பக்கத்து ஐஸ் டிப்போவில் வேலை அவருக்கு. கடல் செய்தி எதுவானாலும் அந்த ஒழுங்கையில் இருக்கிற வீடுகளுக்கு அவர் மூலம்தான் வரும். ஸைனுலாப்தீனை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, நேவிக்காரர் நேற்று இருட்டும்வரைக்கும் தேடினவங்கள். ஒண்டும் காணேல்லையாம். இண்டைக்கும் போறாங்களாம்."

றம்லா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று இரவு தூங்காத முகம். ஆனால் அழவில்லை. அழுதால் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுபோல அடக்கி வைத்திருந்தாள்.

"அண்ணன், ஒண்டு கேக்கிறன். செவ்வாய்க்கிழமை மற்றப் போட்டுகள் ஏன் கடலுக்குப் போகேல்ல?"

சோமசேகரம் பொல்லாதவர் அல்ல. வாயில் பூட்டு இல்லாதவர்.

"தாழமுக்கம் எண்டு றேடியோவில சொல்லிப்போட்டாங்களே, தங்கச்சி. அலியாருக்கும் நான் சொன்னனான். ஐஸ் ஏத்தேக்க கையைப் பிடிச்சுச் சொன்னனான். அவன் சிரிக்கிறான். 'எங்கட மாமா இப்ப தலையில இருந்து கால் மட்டும் நியூஸ் கேக்கிறவர். அவரே ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டார். நீங்க எந்த ஊர் றேடியோ கேட்டீங்க?' எண்டு பகிடி விட்டான். நான் என்ன செய்ய?"

ஸைனுலாப்தீன் மதிலோரம் நின்று பற்றரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்று நழுவி மணலில் விழுந்தது.

அவன் எச்சரிக்கையைக் கேட்டிருக்கிறான். கேட்டும் போயிருக்கிறான். ஊர் சொன்னதை விட்டு மாமன் சொன்னதை நம்பிப் போயிருக்கிறான். இது அவருக்குப் புதுச் செய்தி. இதுவரை 'யாரும் சொல்லாததால் போனான்' என்று ஒரு சின்ன மூலையில் ஒளிந்துகொண்டிருந்தார். அந்த மூலையும் போயிற்று.

"நீங்க மாறிக் கதைக்கிறீங்க, அண்ணன்" என்றாள் றம்லா. குரல் உயர்ந்தது. "வாப்பா முழுசாக் கேட்டவர். எனக்குச் சத்தியம் பண்ணினவர். பகல் நியூஸில சொல்லியிருக்க மாட்டாங்க. பின்னேரம் சொல்லியிருப்பாங்க."

"இல்லைத் தங்கச்சி, பகல்தான்..."

"வாப்பா, சொல்லுங்களன்."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். சொல்வதற்கு அல்லாஹ் கொடுத்த நேரம் அது. ஸைனுலாப்தீன் குனிந்து பற்றரியை எடுத்து, சாரத்தில் துடைத்து, திரும்ப மதிலில் வைத்தார்.

"ஆருக்குத் தெரியும்" என்றார். "ஒவ்வொரு நியூஸில ஒவ்வொரு மாதிரிச் சொல்லுவாங்க."

சோமசேகரம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஓம், அப்பிடியும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். மகள் தன் பக்கம் நின்றதைப் பார்த்தபோது ஸைனுலாப்தீனுக்கு அவமானமாக இருந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

சோமசேகரத்தின் மனைவி கமலாதேவி காலையில் கொண்டுவந்து வைத்த இடியப்பம் மூடினபடியே இருந்தது. ஸைனுலாப்தீன் இரண்டு தரம் பிட்டு வாயில் வைத்துப் பார்த்தார். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பது சரிதான். கிடைத்தாலும் தொண்டையால் இறங்காது.

பன்னிரண்டு மணியளவில் றம்லா அலுமாரியைத் திறந்து தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். புத்தகம் என்று அவள்தான் சொல்வாள். இந்தியாவிலிருந்து வந்த வாரப் பத்திரிகையில் வெளியான ஒரு தொடர்கதையைக் கிழமைக்குக் கிழமை கிழித்துச் சேர்த்த கட்டு அது. பர்மாவுக்கு வியாபாரத்துக்குப் போன கணவனிடமிருந்து கடிதம் நின்று போகிறது, மனைவி காத்திருக்கிறாள். முப்பத்தெட்டாவது வாரத்தோடு இந்தியப் பத்திரிகைகள் ஊருக்கு வருவது நின்றுவிட்டது. கதை முடிய இரண்டே அத்தியாயம் பாக்கி. மூன்று வருடமாக அந்தப் பெண் கரையில் காத்திருக்கிறாள். அவளோடு சேர்ந்து றம்லாவும்.

கட்டைத் தைத்துக் கொடுத்தவன் அலியார். வலை பொத்துகிற ஊசியும் நைலோன் நூலும் கொண்டு, மீன் தப்பாதபடி தைப்பதுபோல நெருக்கித் தைத்திருந்தான். அவன் ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை.

அந்தக் கதை படமாக வந்து, போன ஞாயிற்றுக்கிழமைதான் ஊர்த் தியேட்டரில் ஓடியது. மாமனும் மருமகனும் மட்னி ஷோ போனார்கள். றம்லா போகவில்லை.

"படத்தில வாற மனிசி அழேக்கையும் முகத்தில பவுடர் கலையாது" என்றாள். "என்ர கதையில இருக்கிறவளுக்கு முகம் வச்சவள் நான். அதை அழிச்சுப்போட்டு ஆரோ ஒருத்தியின்ர முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது."

"படம் எண்டா மூண்டு மணித்தியாலத்தில அழுது முடிச்சிட்டு வீட்ட வந்து சோறு தின்னலாம்" என்றான் அலியார். "நீ மூண்டு வருஷமா அழுறாய். இன்னும் முடியேல்ல."

செவ்வாய்க்கிழமை அவன் புறப்படும்போது அவளுடைய வீறாப்பு உடைந்தது. "சரி, சொல்லிப்போட்டுப் போங்க. பர்மாவுக்குப் போனவன் வந்தானா இல்லையா?" என்று கேட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தான். "இவ்வளவு நாள் இருந்தனீ, இன்னும் ரெண்டு நாள் இரு. வந்து சொல்லுறன்."

இப்போது அவள் கதிரையை இழுத்து வாப்பாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கட்டு மடியில் இருந்தது.

"வாப்பா, அவர் வந்து சொல்லட்டும் எண்டுதான் கேக்காம இருந்தனான். இனி உங்களிட்டக் கேக்கிறன். அந்தப் படம் எப்பிடி முடிஞ்சது?"

அவள் கேட்டது படத்தையல்ல. அலியார் வந்து சொல்வான் என்பதை அவள் கைவிட்டுவிட்டாள். காலையில் சோமசேகரத்தோடு வாதாடிய பெண் இந்த நாலு மணித்தியாலத்துக்குள் எங்கோ இறங்கிப் போய்விட்டாள்.

"வந்திட்டான், மகள்" என்றார் உடனே. "பர்மாவுக்குப் போனவன் வந்திட்டான். நல்ல முடிவு."

"எப்பிடி வந்தவன்?"

"கப்பலில."

"அவள் கரையிலயா நிண்டவள், வீட்டிலயா?"

"கரையில... வீட்டிலதான் எண்டு நினைக்கிறன்."

"அவனைக் கண்டவுடன முதல் என்ன கதைச்சவள்?"

படம் பார்க்கிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை. வந்தான், சேர்ந்தார்கள், பாட்டு, முடிந்தது. புத்தகம் வாசிக்கிறவளிடம் தப்புவது கஷ்டம். ஸைனுலாப்தீன் மேலும் கீழும் பார்த்தார். டொக்யாட் ஸ்டோர்ஸில் பத்தாயிரம் சாமானுக்குக் கணக்குச் சொன்ன மனிதருக்கு ஒரு பெண் சொன்ன ஒரு வார்த்தையை உண்டாக்கத் தெரியவில்லை.

"வாப்பா, நீங்க கடைசி பாக்கேல்ல."

ஸைனுலாப்தீன் சாரத்தின் நுனியை இழுத்துவிட்டார்.

"அவர் பார்த்தவர். நீங்க இடையில எழும்பிப் போயிருக்கிறீங்க. எங்க போனீங்க?"

"தேத்தண்ணிக் கடைக்கு, மகள். தியேட்டருக்கு முன்னால இருக்கே..."

"என்னத்துக்கு?"

அந்தக் கடையில் ஒரு பெரிய றேடியோ இருப்பது திருகோணமலையில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விளையாட்டுச் செய்தி எத்தனை மணிக்கு என்பது அந்த வீட்டில் கதவுக்கும் சுவருக்கும்கூடத் தெரியும். றம்லாவின் கண் மேசையில் இருந்த றேடியோவுக்குப் போனது. பிறகு சுவர் மணிக்கூட்டுக்குப் போனது. பிறகு திரும்பி வந்தது.

"செவ்வாய்க்கிழமை?" என்றாள்.

ஒரே ஒரு சொல். ஸைனுலாப்தீன் தன் கால்களைப் பார்த்தார். இடது ஓரத்தில் அத்தனை பேரை வெட்டி ஓடிய கால்கள். இப்போது ஓட இடமில்லை.

"கடைசி ரெண்டு நிமிஷம்தான் கேட்டனான்" என்றார். "பற்றரி... மகள், பற்றரி குறைஞ்சு போச்செண்டு..."

"அவர் கேக்கேக்க நான் குசினியில நிண்டனான். எனக்குக் கேட்டது. ஒண்டுமில்ல எண்டு சொன்னீங்க."

"ஓம்."

"காலையில சோமு அண்ணனைப் பொய்க்காரனாக்கினனான்."

"ஓம், மகள்."

"ஊரே வேண்டாம் எண்டு சொல்லியும் அவர் கேக்கேல்ல. உங்களை நம்பினவர், வாப்பா."

அவள் கத்தவில்லை. கட்டைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா இருமலா என்று முதலில் தெரியவில்லை. அழுகைதான். நாலு நாளும் அடக்கி வைத்ததை இப்போது அவிழ்த்துவிட்டாள். ஸைனுலாப்தீன் வாசலில் போய் நின்றார். உள்ளே கால் வைக்கத் துணிவு வரவில்லை. பெற்ற மகள் அழுகிற இடத்துக்குப் போகத் தகுதியில்லாத தகப்பனாக நிற்பதைவிட அந்தப் போட்டில் தானும் போயிருக்கலாம் என்று நினைத்தார். அப்படி நினைப்பதும் எவ்வளவு மலிவான ஆறுதல் என்று அவருக்கே விளங்கியது.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒழுங்கை வாசலில் லொறி ஒன்று வந்து நின்றது. ஐஸ் டிப்போ லொறி. சோமசேகரம் இறங்கினார். காலையில் இருந்த பேச்சு இப்போது அவரிடம் இல்லை.

"நானா... நிலாவெளியில ஒரு போட்டு ஒதுங்கியிருக்காம். கவுண்டபடி. ஆக்கள் ஒருத்தருமில்லை. முன் பக்கத்தில பச்சைப் பட்டை அடிச்சிருக்காம்."

றம்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தாள். போன பெருநாளைக்கு அலியார் அந்தக் கதவுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்து, மிஞ்சியதைப் போட்டுக்குக் கொண்டுபோயிருந்தான்.

"மரம் வெட்டி றோட்டுத் திறந்திட்டாங்கள். லொறி போகும். ஆராவது வந்து அடையாளம் பார்த்தால்..."

"நான் வாறன்" என்றாள் றம்லா.

கமலாதேவியும் ஓடிவந்தாள். "பிள்ளை தனியப் போகேலாது. நானும் வாறன். லொறியில முன்னுக்கு இருப்பம்" என்று சொல்லித் தன் வீட்டுக் கதவைப் பூட்டினாள். ஸைனுலாப்தீன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

றம்லா முக்காட்டை இழுத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க இருங்க, வாப்பா. ஒரு மணியாகப் போகுது. நியூஸ் கேளுங்க. இண்டைக்காவது முழுசாக் கேளுங்க."

லொறி போய்விட்டது. அவர் படியிலேயே நின்றார். பிறகு மதிலில் இருந்த பற்றரிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சூடு ஏறியிருந்தன. சூறாவளிக்குப் பிறகு ஊரில் கரண்ட் இல்லை. அந்த ஒழுங்கையில் பேசக்கூடிய றேடியோ இவருடையது ஒன்றுதான். அதைக் கேட்க ஒழுங்கையில் ஆள்தான் இல்லை. பாதிப் பேர் கடற்கரையில், மீதிப் பேர் கூரைகளில்.

ஒரு மணிக்குத் திருகினார். முதல் தடவையாக, தொடக்க இசையிலிருந்து.

குரல் நுளம்பு ரீங்காரம் போலத்தான் வந்தது. ஸைனுலாப்தீன் கதிரையை விட்டு இறங்கித் தரையில் முழங்காலிட்டு, றேடியோவின் வலையில் காதை ஒட்டினார். அமைச்சர் ஏதோ திறந்து வைத்தார். சூறாவளி நிவாரணம், அரிசி, சீலை. குரல் கரைக்கு வரும் அலைபோல வந்து வந்து பின்வாங்கியது. திடீரென்று அவருடைய ஊரின் பெயர்.

"...திருகோணமலைக்கு வடகிழக்கே... கடலில் தத்தளித்துக்கொண்டிருந்த..." இரைச்சல். "...வரைச் சரக்குக் கப்பல் ஒன்று மீட்டுள்ளது. பெயர் விபரங்கள் இன்னும் கிடைக்கவில்லை..."

எத்தனை பேரை? ஒருவரையா, இருவரையா, மூவரையா? எத்தனை என்றாலும் 'வரை' என்றுதான் முடிகிறது. றேடியோவை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்று அந்தப் பெட்டியிடம் கெஞ்சினார். இன்னொரு தரம் சொல்ல அது சோமசேகரம் அல்லவே.

வானிலை வந்தது. சூறாவளி வலுவிழந்து மேற்கே கடந்துவிட்டதாம். மீனவர்கள் இனிக் கடலுக்குச் செல்லலாமாம். அதையும் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

பிறகு, யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோலக் குரல் தெளிந்தது. ஒரு சொல் உதிராமல், பக்கத்தில் நின்று சொல்வதுபோலச் சொன்னார்கள்: திருகோணமலை அணி இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்று இறுதி ஆட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறது.

அதோடு பற்றரி செத்தது.

ஸைனுலாப்தீன் எழுந்து வெறுங்காலோடு ஒழுங்கைக்கு ஓடினார். லொறி போன தடம் ஈரமணலில் கிடந்தது. நிலாவெளிக்கு ஒன்பது மைல். அங்கே கவிழ்ந்த போட்டுக்கு முன்னால் மகள் இப்போது நின்றுகொண்டிருப்பாள், அல்லது நிற்கப் போகிறாள். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். மூன்று பேரில் யாரோ இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். கேட்டது அவர் ஒருவர்தான்.

"றேடியோவில சொன்னவங்க, மகள்" என்று வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

அவருக்கே நம்பிக்கை வரவில்லை.